அவன் உணர்வதை இவன் உணரும்போது: 'இ.டி.' திரைப்படத்தைப் பற்றி

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' என்றதும் முழுநிலவைக் கடந்து பறக்கும் சைக்கிள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இயக்குநரின் நிறுவன முத்திரையாகவே அக்காட்சி மாறிவிட்ட பிறகு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கோ, எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும், படத்தின் முற்பகுதியில் வரும் ஓர் இரவுச் சாப்பாட்டுக் காட்சியே மனத்தில் தங்குகிறது. கலத்தைத் தவறவிட்டுப் பூமியில் தனித்து நிற்கும் வேற்றுக்கிரகவாசியான இ.டி. அப்போது இன்னும் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. தாயும் மூன்று பிள்ளைகளும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். தான் கண்டதை எவரும் நம்பாத ஆத்திரத்தில் நடுப்பிள்ளையான எலியட், "அப்பாவாக இருந்தால் நம்பியிருப்பார்" என்கிறான். "அப்படியானால் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லேன்" என்கிறாள் தாய். "முடியாது, அவர் சாலியோடு மெக்சிகோவில் இருக்கிறார்" என்று அவன் பட்டென்று பதில் சொல்கிறான். மெக்சிகோ எங்கே இருக்கிறது என்று கடைக்குட்டி கெர்ட்டி கேட்க, தாய் கண்ணீரை மறைத்தபடி எழுந்து போகிறாள். மூத்தவன் மைக்கேல் தம்பியைப் பார்த்துச் சீறுகிறான்: "எப்போதுதான் வளரப் போகிறாய்? ஒரு முறையாவது அடுத்தவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்."

அந்த ஒரு வரியில்தான் முழுப் படமும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அண்ணன் கோபத்தில் வீசிய சொல்லை, அதற்குப் பின் வரும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான கதை அப்படியே நடத்திக் காட்டுகிறது. அடுத்தவர் மனத்தை நினைத்துப் பார்க்கத் தெரியாத ஒரு சிறுவன், அடுத்தவர் உணர்வதைத் தன் உடலிலேயே உணர வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறான். இப்படத்தில் விண்கலம் உண்டு, பறத்தல் உண்டு, தொட்டால் காயம் ஆற்றும் ஒளிவிரல் உண்டு. ஆனால் அறிவியல் புனைவு என்று சொல்லத்தக்க கற்பனை ஒன்றே ஒன்றுதான்: ஓர் உயிரின் உணர்வு இன்னோர் உயிருக்குள் நேரடியாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதே அது. மற்றவை எல்லாம் அதற்குச் செய்த அலங்காரங்கள்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கும் ஏறத்தாழ எலியட்டின் வயதுதான். உரையாடலில் பாதி எனக்குப் புரியவில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. படத்தின் முதல் காட்சியில் பேச்சே கிடையாது. இரவுக் காட்டில் ஒரு கலம் நிற்கிறது; குள்ளமான உருவங்கள் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருக்கின்றன; திடீரென வண்டிகளின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்கிறது; இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தொன்று குலுங்கிக்கொண்டே வருகிறது; கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஓர் உருவம் மட்டும் கலத்தைத் தவறவிட்டுவிட்டு அலறுகிறது. யார் நல்லவர், யார் கெட்டவர், யாருக்காகப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் ஒரு சொல்கூட இல்லாமல் தெரிந்துவிடுகிறது. அந்த வயதில் என்னை உண்மையாகவே நடுங்கவைத்தது அந்தச் சாவிகளின் ஓசைதான். சுருக்கம் விழுந்த தோலும் நீளும் கழுத்தும் கொண்ட விசித்திரப் பிறவியைப் பார்த்து நான் பயந்ததாக நினைவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதனைப் பார்த்துத்தான் பயந்தேன். அப்படித்தான் பயப்பட வேண்டும் என்று படமும் திட்டமிட்டிருந்தது.

இந்தத் திட்டம் ஒளிப்பதிவில் எவ்வளவு பிடிவாதமாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆலன் டேவியூவின் கேமரா பெரும்பாலும் ஒரு சிறுவனின் கண் உயரத்தில்தான் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பெரியவர்கள் இடுப்புகளாகவும் கைகளாகவும் காலணிகளாகவும் கைவிளக்குகளாகவும்தான் தெரிவார்கள். தவளைகளை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்து விளக்கம் சொல்கிறார். அவருடைய குரலும் உடலும் உண்டு, முகம் இல்லை. ஹாரிசன் ஃபோர்டு தலைமையாசிரியராக நடித்த ஒரு காட்சி படமாக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. அன்று உலகமே அறிந்த அந்த முகத்தைக்கூட அக்காட்சியில் காட்டாமல்தான் எடுத்திருந்தார்கள். சாவிக்கொத்து மனிதராக வரும் பீட்டர் கயோட்டியின் முகம் படத்தின் இறுதிப் பகுதியில்தான் வெளிப்படுகிறது. கதையில் அவருக்குப் பெயரே கிடையாது. சாவிகளை வைத்துத்தான் அடையாளம். வேறு கோளிலிருந்து வந்த உயிரை அண்மைக்காட்சியில் கண்ணுக்குக் கண் சந்திக்க வைத்துவிட்டு, மனிதர்களை அடையாளம் தெரியாத பூதங்களாக உலவ விடும் இந்தத் தலைகீழ் ஏற்பாடு வெறும் உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் உலகம்தான் வேற்றுக்கிரகம்.

இந்த விதிக்குப் பெரியவர்களில் ஒரே விலக்கு தாய் மேரி. டீ வாலஸ் நடித்த இந்தப் பாத்திரத்தின் முகம் தொடக்கத்திலிருந்தே காட்டப்படுகிறது. ஆனால் அவளுக்குத்தான் எதுவும் தென்படுவதில்லை. கணவன் விட்டுச்சென்ற வீட்டையும் வேலையையும் மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் அவள், சமையலறையில் தன் காலடியிலேயே நிற்கும் இ.டி.யைக் கவனிக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து அவனைத் தள்ளி வீழ்த்துகிறாள். கெர்ட்டி, "அம்மா, நீ அவனைக் கொன்றே விட்டாய் போலிருக்கிறது" என்று சொல்வதும் அவள் காதில் ஏறுவதில்லை. சிறுவயதில் இக்காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே அவள்மீது ஓர் இரக்கமும் வருகிறது. தன் களைப்பைத் தாண்டி எதையும் பார்க்க அவளுக்கு நேரமில்லை. படம் அவளைக் குற்றம் சொல்லாமல் நகைச்சுவையாகவே கடந்துவிடுகிறது; அந்தக் கண்ணியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

படம் பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பீல்பெர்க் முதலில் எடுக்க நினைத்தது 'நைட் ஸ்கைஸ்' என்ற திகில் படம். கொடிய வேற்றுக்கிரகவாசிகள் ஒரு பண்ணைக் குடும்பத்தை முற்றுகையிடும் கதை அது. திரைக்கதை ஜான் சேல்ஸ். அந்தக் கொடியவர்களுக்கு நடுவே நல்லவன் ஒருவன் இருந்தான், அவன் அந்த வீட்டுச் சிறுவனோடு நட்புக் கொள்வான். துனீசியாவில் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, உடன் வந்திருந்த எழுத்தாளர் மெலிசா மேத்திசனிடம் ஸ்பீல்பெர்க் இந்த நட்பை மட்டும் எடுத்துச் சொன்னார். மற்ற அனைத்தும் உதிர்ந்துபோய், இந்த ஒரு கிளையிலிருந்து 'இ.டி.' முளைத்தது. பெற்றோரின் மணமுறிவுக்குப் பிறகு தனக்கென ஒரு கற்பனைத் தோழனை வைத்திருந்த தன் இளமையை ஸ்பீல்பெர்க் அதில் கலந்தார். மேத்திசனோ, ஒரு சிறுவனும் ஒரு குதிரையும் ஏறக்குறைய பேச்சே இல்லாமல் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் 'தி பிளாக் ஸ்டாலியன்' படத்தின் திரைக்கதையில் பங்காற்றியவர். 'இ.டி.'க்கான புகழில் பெரும்பகுதி இயக்குநருக்கே போய்விட்டது, ஆனால் எலியட்டுக்கும் இ.டி.க்கும் இடையே ஓடும் அந்த மௌனத்தில் மேத்திசனின் கையைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

பொறிகளால் இயங்கும் இ.டி.யின் உருவத்தைச் செய்தவர் இத்தாலியரான கார்லோ ரம்பால்டி. ஐன்ஸ்டைன், எர்னஸ்ட் ஹெமிங்வே, கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் ஆகிய முதியவர்களின் முகங்கள் அதற்கு முன்மாதிரியாக இருந்தன. எனவேதான் அந்த முகத்தில் குழந்தைமையும் கிழத்தனமும் ஒருங்கே தெரிகின்றன. சில காட்சிகளில் குள்ள உருவம் கொண்ட நடிகர்கள் அந்த உடையை அணிந்து நடித்தார்கள். தள்ளாடி விழும் காட்சிகளில், கால்களின்றிப் பிறந்து கைகளாலேயே நடக்கப் பழகியிருந்த ஒரு சிறுவன் நடித்தான். பொருள்களைத் தொட்டுத் தடவும் அந்த நீண்ட விரல்கள், கேப்ரிஸ் ராத் என்ற ஊமைநாடகக் கலைஞருடைய கைகளின் வேலை. கரகரத்த குரலின் பெரும்பகுதி பேட் வெல்ஷ் என்ற பெண்மணியுடையது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதனுடன் வேறு பல ஒலிகளையும் விலங்குகளின் குரல்களையும் கலந்தார். இன்றைய கண்ணுக்கு ரப்பர் தோலின் விறைப்பு ஆங்காங்கே தெரியத்தான் செய்கிறது. ஆயினும், கையால் தொடக்கூடிய ஒன்று உண்மையிலேயே அங்கே இருந்தது என்பதைப் பிள்ளைகளின் முகமே காட்டிக்கொடுக்கிறது. ஆறு வயது ட்ரூ பேரிமோர் அது உயிருள்ளது என்றே நம்பினாள். அவள் எப்போது பேச வந்தாலும் அது பதிலுக்கு அசைய வேண்டும் என்பதற்காக, காட்சி இல்லாத நேரத்திலும் அதை இயக்குவதற்கு ஸ்பீல்பெர்க் ஆட்களை நிறுத்தியிருந்தார். படப்பிடிப்பும் பெருமளவு கதையின் வரிசையிலேயே நடந்தது. இறுதிக் காட்சியில் பிள்ளைகள் அழும்போது, பல வாரங்கள் பழகிய ஒன்றை அவர்கள் மெய்யாகவே பிரிந்துகொண்டிருந்தார்கள்.

இ.டி. வீட்டுக்குள் வந்த மறுநாள் காலையில், வெப்பமானியை விளக்கின் சூட்டில் காட்டிக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போகாமல் தங்கிவிடுகிறான் எலியட். பிறகு தன் அறையையே ஓர் அருங்காட்சியகமாக்கி, பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி மனித உலகை அறிமுகப்படுத்துகிறான். மீன்கள் மீன் தீனியைத் தின்னும், சுறா மீன்களைத் தின்னும், சுறாவை யாரும் தின்ன மாட்டார்கள் என்று விளக்குகிறான். மேதை ஒருவர் நாகரிகத்தின் சாரத்தை உரைப்பது போன்ற தோரணை அவனிடம். கேட்டுக்கொண்டிருப்பவனோ விண்மீன்களைத் தாண்டி வந்தவன். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிறான். இந்தக் காட்சியின் அழகு எலியட்டின் ஆணவத்தில் இருக்கிறது. அண்ணனிடம் இ.டி.யைக் காட்டும் முன், தனக்கே முழு அதிகாரம் என்று அவன் வாயால் சொல்லவைத்துத்தான் காட்டுகிறான். தந்தை பிரிந்துபோக, வீட்டில் நடுவனாகவும் அண்ணனின் நண்பர்களிடையே எடுபிடியாகவும் இருந்தவனுக்கு முதன்முறையாகச் சொந்தமென்று ஒன்று கிடைத்திருக்கிறது. "இவனை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்கிறான், ஏதோ செல்லப்பிராணியைப் பற்றிச் சொல்வதுபோல. படம் அவனைத் தேவதையாக்காமல் தொடங்குவதால்தான் அவன் பின்னால் அடையும் மாற்றம் நமக்கு உறைக்கிறது.

மாற்றம் தொடங்கும் விதம் வேடிக்கையானது. வீட்டில் தனியாக இருக்கும் இ.டி. குளிர்பதனப் பெட்டியிலிருக்கும் பீரைக் குடிக்கிறான். பள்ளியில் இருக்கும் எலியட்டுக்குப் போதை ஏறுகிறது. தொலைக்காட்சியில் ஓடும் 'தி கொயட் மேன்' படத்தில் ஜான் வெய்ன் மௌரீன் ஓஹாராவை இழுத்து முத்தமிடுவதை இ.டி. பார்க்கிறான், எலியட் வகுப்பில் ஒரு சிறுமியை அதே பாணியில் முத்தமிடுகிறான். இரண்டு இடங்களையும் மாறி மாறி வெட்டிக் காட்டும் படத்தொகுப்பாளர் கேரல் லிட்டில்டனின் வேலையில் ஒரு துள்ளல் இருக்கிறது. சிரிப்புக்கு இடையே நடக்கும் முக்கியமான செயல் தவளைகளை விடுவிப்பதுதான். குடுவையில் மயங்கப்போகும் தவளையை எலியட் உற்றுப் பார்க்கிறான்; அதன் கண்களில் அவனுக்கு இ.டி. தெரிகிறான், உடனே எல்லாக் குடுவைகளையும் திறந்துவிடுகிறான். சங்கிலி ஓர் உயிரோடு நிற்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இ.டி.யின் உணர்வு எலியட்டுக்குள் வந்தது ஏதோ ஒரு மாயத்தால். தவளைக்காக அவன் மனம் துடித்ததற்கு எந்த மாயமும் காரணமில்லை. ஒருவருக்காக உணரக் கற்றவன் வேறொருவருக்காகவும் உணர்கிறான். மைக்கேல் கேட்டது இதைத்தான்.

அந்த மைக்கேலைப் பற்றிச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றி எழுதுவது எனக்கு அநியாயமாகப் படும். ராபர்ட் மெக்நாட்டன் நடித்த இந்த அண்ணனைப் பாராட்டுபவர்கள் குறைவு. சிறுவயதில் நானும் அவனைத் தம்பியைக் கிண்டல் செய்யும் தடியன் என்றே கருதியிருந்தேன். தந்தையின் இடத்தை நிரப்ப வேண்டிய பாரம் பதின்வயதிலேயே அவன் தோளில் ஏறியிருப்பதைப் படம் எங்கும் உரக்கச் சொல்வதில்லை. வாகனக் கொட்டகையில் இரண்டு சகோதரர்களும் அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கண்டெடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். அதில் எந்த வாசனைத் திரவியத்தின் மணம் இருக்கிறது என்பதில் இருவரும் மாறுபடுகிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் சினிமாவுக்கும் அப்பா கூட்டிப்போன நாள்களை மைக்கேல் நினைவுகூர்கிறான். பிரிவைப் பற்றி இதைவிடக் கச்சிதமாக எழுதப்பட்ட காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்னர் தம்பியும் இ.டி.யும் உயிருக்குப் போராடும் இரவில், இவ்வளவு வளர்ந்த பையன் தம்பியின் அலமாரிக்குள் போய்ப் பொம்மைகளுக்கு நடுவே சுருண்டு படுத்துத் தூங்கிவிடுகிறான். எலியட்டின் நிலையை விசாரிக்கும் அறிவியலாளர்களிடம், அவன் எண்ணுவதை இவன் எண்ணுவதில்லை, அவன் உணர்வதை இவன் உணர்கிறான் என்று சரியான விளக்கத்தைத் தருபவனும் மைக்கேல்தான். கருவிகளோடு வந்தவர்களுக்கு விளங்காதது, சாப்பாட்டு மேசையில் சீறியவனுக்கு விளங்கியிருக்கிறது. தப்பிக்கும் கட்டத்தில் வண்டியின் சக்கரத்தைப் பிடித்தபடி, "நான் இதுவரை முன்னோக்கி ஓட்டியதே இல்லை" என்று அவன் அலறுவது என்னை இன்றும் சிரிக்கவைக்கும் வசனம். வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்துத் தருவது மட்டுமே அதுவரை அவனுக்குத் தெரிந்த ஓட்டுதல்.

வீட்டைப் பிளாஸ்டிக் உறைகளால் மூடி, விண்வெளி உடைகளோடு மனிதர்கள் நுழையும் பகுதி வந்ததும் படத்தின் நிறமே மாறிவிடுகிறது. அதுவரை அலமாரியின் அரையிருளிலும் மாலை வெளிச்சத்திலும் நடந்த கதை, திடீரென வெள்ளை விளக்குகளின் கீழ் வந்து நிற்கிறது. மருத்துவர்களாக நடித்தவர்களில் பலர் உண்மையான மருத்துவர்கள்; அவர்கள் வாயிலிருந்து வரும் கலைச்சொற்கள் வசனம் போலில்லாமல் பரபரப்பான பணியிடத்தின் இரைச்சலாக ஒலிப்பதற்கு அதுவே காரணம். இங்கேதான் சாவிக்கொத்து மனிதர் முதன்முறையாக எலியட்டின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார். "அவன் என்னிடமும் வந்திருக்கிறான். பத்து வயதிலிருந்தே நான் இதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்" என்கிறார். வில்லன் என்று நாம் அஞ்சியிருந்தவர், எலியட்டைப் போன்ற ஒரு சிறுவனாக இருந்து வயதாகிப்போனவர் என்று தெரிகிறது. அவன் உன்னை முதலில் சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றும் சொல்கிறார். இந்தக் கதையில் கடைசிவரை யாரையும் வெறுக்க வழியில்லாமல் போகிறது. அறிவியல் புனைவுப் படங்களில் விரோதி இல்லாமல் இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கியவை மிகக் குறைவு.

அதுவரை ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த எலியட், இ.டி. இருவரின் மூளை அலைகளும் இங்கே பிரிகின்றன. இ.டி. தன் சாவுக்குள் எலியட்டை இழுத்துச் செல்லாமல் விடுவித்துவிடுகிறான் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சிறுவன் தேறுகிறான், இ.டி. அடங்கிப்போகிறான். தனியே விடப்பட்ட எலியட் அந்த உடலிடம், "நீ இறந்துதான் போயிருக்க வேண்டும், ஏனென்றால் எப்படி உணர்வது என்றே எனக்குத் தெரியவில்லை, என்னால் எதையும் உணர முடியவில்லை" என்கிறான். முதல் சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் உணர்வே எட்டாதிருந்தவன், இப்போது அது தன்னுள் இல்லாமற்போனதையே மரணத்துக்கான சான்றாகக் காட்டுகிறான். ஹென்றி தாமஸ் அதைச் சொல்லும் விதத்தில் நடிப்பின் சாயலே தெரிவதில்லை. நடிகர் தேர்வின்போது, செத்துப்போன தன் நாயை நினைத்து அவன் அழுததைப் பார்த்துத்தான் ஸ்பீல்பெர்க் அந்த இடத்திலேயே அவனைத் தேர்ந்தெடுத்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி.

இதற்கு அடுத்து வரும் உயிர்த்தெழுதலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இ.டி.யோடு சேர்ந்து வாடிய மலர்ச்செடி நிமிர்வதும் அவன் மார்பில் செவ்வொளி மீள்வதும் சிறுவயதில் என்னை எழுந்து குதிக்கவைத்தன. இப்போது பார்க்கையில், இவ்வளவு கவனமாகக் கட்டிய துயரத்தைப் படம் சற்று அவசரமாகக் கைவிட்டுவிடுகிறது என்று தோன்றுகிறது. ஜான் வில்லியம்ஸின் இசையும் சில இடங்களில் நாம் அழ வேண்டிய நொடியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ஆனால் கடைசிப் பதினைந்து நிமிடங்களுக்கு வந்துவிட்டால் இந்த முறையீடுகள் எல்லாம் அடங்கிப்போகின்றன. ஒலிப்பதிவின்போது படத்தின் ஓட்டத்துக்கு இசையைப் பொருத்துவதில் வில்லியம்ஸ் சிரமப்பட்டார். ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொல்லி, கச்சேரி மேடையில் நடத்துவதுபோல இசைக்குழுவை நடத்தும்படி கேட்டுக்கொண்டார். பிறகு அந்த இசைக்கு ஏற்பப் படத்தொகுப்பைத் திருத்தினார். துரத்தலும் பறத்தலும் விடைபெறலும் ஒரே மூச்சில் ஓடுவது அதனால்தான். நான்கு ஆஸ்கார் விருதுகளை இப்படம் பெற்றது. அவற்றுள் இந்த இசைக்குக் கிடைத்ததைப் பற்றி யாரும் வழக்காட மாட்டார்கள். சிறந்த படத்துக்கான விருது அந்த ஆண்டு ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி'க்குப் போனது.

1982 ஜூன் மாதத்தை அறிவியல் புனைவு ரசிகர்கள் மறப்பதில்லை. 11ஆம் தேதி 'இ.டி.' அமெரிக்காவில் வெளியானது. இரண்டு வாரம் கழித்து, 25ஆம் தேதி, ஜான் கார்பென்டரின் 'த திங்', ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' இரண்டும் ஒரே நாளில் வந்தன. அன்று அவை இரண்டும் வசூலில் தோற்றன. இன்று அவற்றைப் போற்றும் பலர் 'இ.டி.'யைக் குழந்தைகளுக்கான மிட்டாய் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. 'பிளேடு ரன்னர்' உலகில் மனிதனையும் செயற்கை மனிதனையும் பிரித்தறியும் சோதனையே பிற உயிரின் துன்பத்துக்கு ஒருவன் எப்படி எதிர்வினை புரிகிறான் என்பதை அளப்பதுதான். கேள்வி ஒன்றே; ஒரு படம் அதை மழைக்கால இருட்டில் கேட்கிறது, மற்றொன்று குழந்தைகளின் படுக்கையறையில் கேட்கிறது. இரண்டாவது எளிது என்று நான் ஒப்ப மாட்டேன்.

சத்யஜித் ராய் பற்றிய செய்தியையும் விட்டுவிட முடியாது. 1962இல் 'சந்தேஷ்' இதழில் அவர் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்' கதையிலேயே நட்பான வேற்றுக்கிரகவாசி வந்துவிட்டான். பின்னர் ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனத்துக்காக 1967இல் அவர் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதையில், வங்கக் கிராமத்துக் குளத்தில் ஒரு விண்கலம் இறங்குகிறது. அதிலிருந்து வருபவன் ஓர் ஏழைச் சிறுவனோடு பழகுகிறான். அப்படம் எடுக்கப்படவே இல்லை. தம் திரைக்கதையின் படிகள் அமெரிக்காவெங்கும் உலவியிராவிட்டால் 'இ.டி.' சாத்தியமாகியிருக்காது என்று ராய் கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். யார் சொல்வது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ராயின் அந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். உணர்வுப் பிணைப்பு என்ற அச்சும் தந்தை இல்லாத வீடும் 'இ.டி.'யின் சொந்தச் சொத்து என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

2002இல், இருபதாம் ஆண்டு வெளியீட்டுக்காக ஸ்பீல்பெர்க் தம் படத்தைத் தாமே திருத்தினார். பிள்ளைகளைத் துரத்தும் அதிகாரிகளின் கைகளிலிருந்த துப்பாக்கிகள் கணினி உதவியால் கம்பியில்லாப் பேசிகளாக மாறின, இ.டி.யின் முகத்துக்குச் சில இடங்களில் கணினி உருவம் பொருத்தப்பட்டது. இந்தப் பதிப்பை என்னால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. சிறுவர்கள்மீது துப்பாக்கி நீளும் அந்த ஒரு நொடியின் அச்சம்தான் சைக்கிள்கள் மேலெழும்போது கிடைக்கும் விடுதலைக்கு எடை தருகிறது. பேசிக் கருவியைக் கண்டு எவரும் பறந்து தப்ப வேண்டியதில்லை. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பின்னாளில் ஸ்பீல்பெர்க் வெளிப்படையாகவே சொன்னார். இப்போது கிடைப்பது பழைய வடிவம்தான்.

விடைபெறும் காட்சியில் பேசப்படும் சொற்களை எண்ணிவிடலாம். 'வா' என்கிறான் அவன். 'இரு' என்கிறான் இவன். பிறகு, எலியட் விரலை வெட்டிக்கொண்ட அன்று இ.டி. கற்றுக்கொண்ட, வலியைக் குறிக்கும் அந்த ஒற்றை ஒலியை இருவரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். மருத்துவர்களின் கருவி காட்டியபடி அவர்களுடைய பிணைப்பு அறுந்து நெடுநேரம் ஆகிவிட்டது. அது மீண்டும் ஒட்டிக்கொண்டதாகப் படம் எங்கும் சொல்வதில்லை. ஆகவே இந்த இடத்தில் எலியட் இ.டி.யின் வலியை அறிவது மாயத்தால் இருக்க முடியாது. எதிரே நிற்பவனைப் பார்த்தே அவன் அறிகிறான் என்றுதான் நான் கொள்கிறேன். இந்த வாசிப்பு சரியென்றால், கலத்தில் ஏறிப் போகும் எண்ணமே எலியட்டுக்கு ஏன் வரவில்லை என்பதும் விளங்குகிறது. சற்றுத் தள்ளி அவன் தாயும் அண்ணனும் தங்கையும் நிற்கிறார்கள். மெக்சிகோவுக்குப் போய்விட்ட ஒருவரால் அந்த வீடு என்ன பாடுபட்டது என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

படம் வெளியான அதே ஆண்டில் ஸ்பீல்பெர்க்கும் மேத்திசனும் ஓர் இரண்டாம் பாகத்துக்கான கதைச்சுருக்கத்தை எழுதினார்கள். அதில் கொடிய வேற்றுக்கிரகவாசிகள் எலியட்டையும் நண்பர்களையும் கடத்துகிறார்கள், பிள்ளைகள் இ.டி.யின் உதவியை நாடுகிறார்கள். கைவிட்ட 'நைட் ஸ்கைஸ்' வேறு வாசல் வழியாக உள்ளே வரப் பார்த்தது என்று சொல்லலாம். நல்லவேளையாக அது படமாகவில்லை. மீட்க வருபவனாக இ.டி. திரும்பியிருந்தால், கூப்பிட்டால் வந்து காப்பாற்றும் இன்னொரு நாயகனாகவே அவன் சுருங்கியிருப்பான். எலியட்டுக்கு அவனால் செய்ய முடிந்த ஒரே காரியத்தை அவன் முதல் படத்திலேயே செய்து முடித்துவிட்டான்.